நாவல் எழுதியவனுக்கு ஊர் கட்டிய பாட்டு

சாமலுக்கு நாவல் எழுத வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் ஃபாரோத் தீவொன்றிலிருந்து கிரீன்லாந்துக் கடலுக்குப் போய்வந்த மீன்காரன். பிறகு கடலை விட்டுவிட்டுக் கொஞ்சம் ஆடு வளர்த்தான், மிச்ச நேரத்தில் படம் வரைந்தான். படம் வரைகிற துணி வாங்க வழியில்லாததால் உடைந்த படகுப் பலகையில்தான் வரைந்தான். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் வர்ணம். சாமல் வரைந்த வானத்துக்கெல்லாம் பக்கத்து வீட்டு ஓலவுரின் படகு நிறம் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

கவிதையும் எழுதினான். தீவை டென்மார்க் ஆண்டதால் பள்ளிக்கூடத்தில் டேனிஷ் மொழியில்தான் எழுதப் பழக்கியிருந்தார்கள். இவன் வீட்டில் பேசுகிற ஃபாரோ மொழியிலேயே எழுதினான். "ஆடு விரட்டுற பேச்சுல கவிதையா?" என்று பாதிரியார் கேட்டாராம். "ஆட்டுக்கே புரியுதே அய்யா, உங்களுக்குப் புரியாமயா போகும்?" என்றானாம் சாமல். அந்தப் பதிலை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

சிரிப்பெல்லாம் நாவல் வரும்வரைதான். படத்தில் தங்கள் வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஊர், புத்தகத்தில் ஆளைப் பார்த்ததும் முகம் மாறியது. நாவலில் ஒருத்தன் பறவை பிடிக்கக் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்குகிறான். பாதியில் தொங்கிக்கொண்டு, "அம்மா, என்னைத் தூக்குங்க" என்று அழுகிறான். அவனுக்கு இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். மழை பெய்தால் புகையிலைக் குழாயைத் தலைகீழாகக் கடித்துக்கொள்வான். பெயரை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்? அப்படிக் குழாய் கடிக்கிறவன் அந்தத் தீவிலேயே ஓலவுர் ஒருத்தன்தான்.

ஓலவுர் பக்கத்து வீட்டுக்காரன் மட்டுமல்ல. சாமலோடு ஒரே கப்பலில் போனவன். கோடை வந்தால் ஊரில் முதலில் கயிறு கட்டி இறங்குகிறவனும் அவன்தான். அப்படிப்பட்டவனைக் கடையில் பார்த்து, "என்ன ஓலவுர், பாறையில நனைஞ்ச கால்சட்டை காஞ்சிருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் சாமலோடு பேச்சையே நிறுத்திவிட்டான். இலையுதிர் காலத்தில் வழக்கமாக ஆடு வெட்ட வருகிறவன் வரவில்லை. அலையிலிருந்து படகை இழுக்கும்போது சாமல் கை கொடுத்தால், கயிற்றின் மறுமுனைக்குப் போய் நின்றான்.

"அது கதைப்பா, கற்பனை" என்று ஓலவுர் வீட்டு வாசலில் நின்று சொல்லிப் பார்த்தான் சாமல். கதவு சாத்திக்கொண்டது.

"கற்பனைன்னா அந்தக் குழாயையாவது நேரா கடிக்க விட்டிருக்கலாம்ல?" என்றாள் சாமலின் மனைவி சுசன்னா.

"அவன் மூஞ்சி இல்லாம அந்த ஆளுக்கு எனக்கு உசுரு வரல."

முகம் ஓலவுருடையது. ஆனால் அழுகை சாமலுடையது. கடைசியாகப் போன கிரீன்லாந்துப் பயணத்தில் கயிறெல்லாம் பனி ஏறிக் கப்பல் சாய்ந்தபோது, பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதவன் இவன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே தூக்கிப்போனவன் ஓலவுர். கரைக்கு வந்த சாமல், நெஞ்சு நோவால் கடலை விட்டேன் என்றான். ஓலவுர் இன்றுவரை அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் பயத்தைத் தன் முகத்தோடு எழுதச் சாமலுக்குத் தைரியம் வரவில்லை. அதை மறைத்துக் காத்தவன் முகத்திலேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டான். எழுதும்போது அது தவறாகவே படவில்லை. அந்த அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டுமே பட்டது.

தவக்கால நோன்புக்கு முந்தின வட்ட நடனம் வந்தது, ஊரே கைகோத்து ஆடுகிற நாள். ஊரைச் சீண்டியவன் மேல் ஊர் கேலிப்பாட்டுக் கட்டும். ரெண்டு ஆள் அவன் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுப்பார்கள். பாட்டு முடியும்வரை அவனும் ஆடியாக வேண்டும். உதறிவிட்டு ஓடினவனை ஊர் தன் ஆளாக எண்ணுவதில்லை.

"போகலேன்னா பாட்டு வீடு தேடி வரும்" என்றாள் சுசன்னா. "கப்பல் கதைய ஓலவுர் எடுத்துவிட்டான்னா?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான் சாமல். அவளுக்கே அந்தக் கதை தெரியாதே. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

ஊர்க்கூடத்தில் மேளமோ பிடிலோ கிடையாது. தரையில் விழும் காலடிதான் தாளம். ரெண்டு தடியன்கள் சாமலின் கையைப் பிடித்ததும் கூடமே ஓவென்று கூவியது. முன்னடி எடுத்துப் பாடியவன் ஓலவுர்.

"படகுக்கு அடிச்ச நீலம் மிஞ்சிச்சு,
வானத்தில் பூசினான் சாமல்!
மழையில அதுவும் ஒழுகுது பாருன்னு
கூரையில் ஏறினான் சாமல்!"

"கையப் பிடிங்க, காலப் போடுங்க, ஆடட்டும் எழுத்தாளன்!" என்று எல்லோரும் சேர்ந்து முழங்கினார்கள். சாமலும் முழங்கினான். வலிக்கத்தான் செய்தது. ஆனால் பாட்டு நன்றாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒருத்தன் ரசித்துக்கொண்டும் இருந்தான்.

ஆடு, கவிதை, பாதிரியார் என்று பாட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசியில் கப்பல் ஏறியது. கிரீன்லாந்து வந்தது. பனி வந்தது. சாமல் அடி தவறினான், பிடித்திருந்தவர்கள் இழுத்துத் தாளத்தில் சேர்த்தார்கள். ஓலவுர் அவனை நேராகப் பார்த்தான். வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான்.

சொல் நின்றும் கால்கள் நிற்கவில்லை. வட்டம் வெறும் மிதியோசையில் சுற்றியது. "அப்புறம் என்னாச்சு, ஓலவுர்?" என்று எவனோ கத்தினான். "மறந்துட்டான்யா!" என்று இன்னொருவன் சிரித்தான். ஓலவுர் தலையைக் குனிந்துகொண்டான். இந்தப் பாட்டிலும் அவன் அதைச் சொல்லப்போவதில்லை என்று சாமலுக்குப் புரிந்தது. இனி எந்தக் காலத்திலும் சொல்லமாட்டான்.

சாமல் பாடினான். அங்கேயே, அந்தக் கணத்திலேயே கட்டியது.

"பாய்மரம் ஏறிப் பனி வந்த அன்னிக்கு
அம்மான்னு அழுதவன் சாமல்!
தூக்கி வந்தவன் ஓலவுர், அந்த அழுகைய எடுத்து
அவன் மூஞ்சியிலேயே ஒட்டி விட்டான் சாமல்!"

முழங்க வேண்டிய இடத்தில் யாரும் முழங்கவில்லை. சுவரோரம் நின்ற சுசன்னா வாயில் கை வைத்துக்கொண்டாள். கையைப் பிடித்திருந்தவர்களின் பிடி தளர்ந்தது. இப்போது ஓடலாம். சாமல் ஓடவில்லை, காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

ஓலவுர் இடம் மாறி வந்து, தடியனைத் தள்ளிவிட்டு, சாமலின் வலது கையைத் தானே பிடித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சாமலிடம் பேசிய முதல் பேச்சு இது:

"கடைசி ரெண்டு வரியும் நொண்டுதுடா. சரியாக் கட்டித் திரும்பப் பாடு."