ரேஷன் அட்டை விலாசம்

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் தொற்றுநோய்ப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. வாந்திபேதி, டைபாய்டு, தொண்டை அடைப்பான் என்று எது வந்தாலும் நோயாளியின் பெயரும் தெருவும் என் கையால் ஏறவேண்டும். ஏறினால்தான் அந்தத் தெருவுக்கு பிளீச்சிங் பவுடர் போகும், தண்ணீர் சோதனைக்கு ஆள் போவார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

எங்கள் மேஜையில் ஒரு பழக்கம். மருத்துவமனையிலிருந்து வரும் சீட்டில் தங்கியிருக்கும் இடம், ரேஷன் அட்டை விலாசம் இரண்டும் இருக்கும். அட்டை வெளி மாவட்டத்துடையது என்றால் ஆளும் வெளி மாவட்டம் என்று முடிவுகட்டி, அங்கே ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டுவிடுவோம். பதிவேட்டில் ஏற்றமாட்டோம். நம் பகுதியில் நோய் குறைவு என்று தெரியும், மேலதிகாரி முகம் மலரும். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர், ஊரில் இருக்கும் அப்பா அம்மா சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வாங்கட்டும் என்று அட்டையை மாற்றாமலே வைத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில், பவுடர் போடும் ஊழியர் என் மேஜை முன் வந்து நின்றார்.

"சார், குவார்ட்டர்ஸ்ல கடைசி பிளாக்குல ரெண்டு மூணு ஊட்ல பேதியாம். குழா தண்ணி நாறுதுன்னு சொல்லிக்கினு கீறாங்க. போய் இன்னான்னு பாத்துட்டு வர்ட்டா?"

பதிவேட்டைத் திருப்பினேன். அந்த பிளாக்கில் ஒருவர்கூட இல்லை.

"ரிஜிஸ்டர்ல இல்லாத எடத்துக்கு எதுக்குப் போறீங்க? வதந்தி பின்னாடி ஓடினா உருப்பட்ட மாதிரிதான்" என்றேன். அவர் பவுடர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் அதே பிளாக்கில் நான்கு வயதுப் பெண் குழந்தை வாந்திபேதியில் இறந்துபோனது. நோய் வந்த வீடுகளில் அந்தக் குடும்பம் மட்டும் அட்டையை இங்கே மாற்றியிருந்தது. அதனால் அந்த பிளாக்கிலிருந்து பதிவேட்டில் ஏறிய முதல் பெயர் அந்தக் குழந்தையுடையது. எழுதி முடித்ததும் பழைய சீட்டுக் கட்டைப் பிரித்தேன். திருநெல்வேலிக்கு எழுதியது ஒன்று, சேலத்துக்கு ஒன்று, தஞ்சாவூருக்கு ஒன்று. மூன்றிலும் தங்கியிருக்கும் இடம் அதே பிளாக்தான். பத்தே நாட்களுக்குள் நானே தபால் அட்டை எழுதி ஒதுக்கியவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன். தண்ணீர் சோதனைக்கு ஆள் அனுப்பச் சொன்ன மறுநாளே சாக்கடையோரம் உடைந்து கிடந்த குழாயை அடைத்துவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இறப்புச் சான்றிதழும் எங்கள் மேஜையில்தான் வாங்கவேண்டும். இரண்டு வாரம் கழித்துக் குழந்தையின் தாய் வந்தார். பெயர் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு முன்னாடி எங்க பிளாக்குல யாருக்காச்சும் வந்துச்சா சார்? சிலபேரு வந்துச்சுங்கிறாங்க, சிலபேரு வெறும் அஜீரணம்ங்கிறாங்க. தெரிஞ்சிருந்தா தண்ணியக் காய்ச்சிக் குடுத்திருப்பேன்."

"ரிஜிஸ்டர்ல யாரும் இல்லம்மா" என்றேன். அது பொய் இல்லை. பொய்யைவிடக் கேவலம்.

"அப்ப எம்மேலதான் தப்பு. வெளியில எதையோ வாங்கிக் குடுத்திருக்கேன்" என்று சொல்லி, சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். நான் பதிவேட்டை மூடி வைத்தேன். இன்றுவரை அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்.