எருமை எத்தினி கீது?

"எருமை எத்தினி கீது உங்க ஊட்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் சிட்டிபாபு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஜாவா படித்து, டை கட்டிக்கொண்டு நேர்காணலுக்கு வந்த பையன் திருதிருவென்று விழிப்பான். அவனுடைய மதிப்பெண் பட்டியல் மேசையில் கவிழ்ந்தே கிடக்கும்.

பெங்களூர் மென்பொருள் கம்பெனி ஒன்றின் திருப்பதிக் கிளைக்கு அவர்தான் தலைவர். சொந்த ஊரில் ஆள் மலிவாகக் கிடைக்கும் என்ற ஞானம் கொரோனாவில் பிறந்து, அதன் பேரில் திறந்த கிளை. ரேணிகுண்டா சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல் மாடி. அமெரிக்காக்காரனிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே கெட்டிமேளம் முழங்கும். "லோக்கல் ஃபெஸ்டிவல், சார்" என்பார் சிட்டிபாபு, கொஞ்சமும் கூசாமல். ஆவணியில் எங்களுக்குத் தினமும் லோக்கல் ஃபெஸ்டிவல்தான்.

புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம் அவருடையது. கணினியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார், கோபத்தைத் தெலுங்கில் காட்டுவார், காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழுக்கு வந்துவிடுவார். எருமைக்குக் காரணம் கேட்டேன்.

"மூள கீறவன் ரெண்டு வருசத்துல பெங்களூரு பூடுவான்பா. எரும கீறவன் எங்க போவான்? சாயங்காலம் பால் கறக்கணுமே!"

எருமை இல்லாவிட்டால் படுத்த படுக்கையான அப்பாவும் செல்லும். கல்யாணமாகாத தங்கை இருந்தால் இன்னும் நல்லது. "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டும்போதே முகம் மலர்ந்துவிடும். என்னை எடுத்ததும் அப்படித்தான். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய எங்கள் நிலத்தகராறு இன்னும் சித்தூர் கோர்ட்டில் நடக்கிறது, வாய்தாவுக்கு நான்தான் போகவேண்டும் என்றேன். மறுகேள்வி இல்லை. இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொழில்நுட்பக் கேள்வி கேட்பது என் வேலை. பதிலை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒருவர்கூட வேலையை விடாத கிளை என்று பெங்களூரிலிருந்து கேடயம் வந்தது. அதைத் தினமும் அவரே துடைப்பார்.

இந்த எருமைச் சங்கதி எதிர் டீக்கடை வரை பரவிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த சுனில் என்ற பையன் மூன்று எருமை இருப்பதாக அடித்துவிட்டான்.

"ஒண்ணொண்ணும் எத்தினி லிட்டர் கறக்குது?"

"வேளைக்கு முப்பது லிட்டர், சார்."

"அது எருமையா, பம்ப்செட்டா? எழுந்து போடா!"

போன வாரம் வெதுருகுப்பத்திலிருந்து தரணி வந்தாள். நிலம் நீச்சு இல்லாத கூலிக் குடும்பம். அம்மா இல்லை. அப்பா நாயுடுபேட்டையில் மூட்டை தூக்குகிறார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் அங்கேயே ஒரு ஷூ கம்பெனிக்குப் பசை தடவப் போவதாக இருந்தாள். நான் கொடுத்த கணக்கை, யாரும் பாதி தாண்டாத கணக்கை, பேசிக்கொண்டே போட்டு முடித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிட்டிபாபு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, எவ்ளோ வெவரமா கீது? நிக்காதுப்பா" என்று என் காதில் முணுமுணுத்தார். பிறகு மனசில்லாமல் கேட்டார்: "நைனாவுக்கு ஒடம்பு எப்டிம்மா?"

தரணி சான்றிதழ் ஃபைலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "முதுகு போயிட்ச்சி, சார். இன்னும் கொஞ்ச நாள்தான் தூக்குவாரு. அப்பறம் நான்தான் பாத்துக்கணும்."

"த்சொ த்சொ! நீ செலக்டும்மா!"

படித்த படிப்புக்குக் கிடைக்காத வேலை அப்பாவின் முதுகுக்குக் கிடைத்தது.

சேருகிறவர்கள் ஒரிஜினல் சான்றிதழ்களை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அதற்கப்புறம் வேறு கம்பெனிக்குப் போக நினைத்தாலும் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

"ஜெராக்ஸ் குடுக்கட்டுமா, சார்?" என்றாள் தரணி.

"ஒரிஜினல்தாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றன். வுடு, பத்தரமா வச்சிக்கிறன்." ஃபைலின் ஒரு பக்கத்தை வலது கையால் பிடித்தார். மறுபக்கத்தை அவள் விடவில்லை.

அவருடைய போன் அடித்தது. இடது கையால் எடுத்து யாரென்று பார்த்தவர் சட்டென்று எழுந்து நின்றார். நாங்கள் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"எஸ், மேடம்... பெங்களூர் ஆஃபரா? தேங்க்யூ, மேடம்! இல்ல இல்ல, இங்க நம்மளக் கட்டிப்போட ஒண்ணும் கெடையாது. நாளைக்கே இங்க ராஜினாமா பேப்பர் போட்டுட்டு வந்து உங்க கம்பெனில ஜாயின் பண்ணிடறேன்..."

தரணி முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள்.

சிட்டிபாபு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையையும் ஃபைலில் போட்டார்.