அஸ்கர் மாளிகை

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்து சேர வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வழக்கம் அஸ்கருக்கு மட்டும் வசதியாக மறந்துபோயிருந்தது.

துபாய் அத்தர் கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர், முன்னறைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடமெல்லாம் "நம்ம வீடு" என்று வரலாறு சொல்லத் தொடங்கினார். மனைவி சம்சுன்னிசாவின் முன்னோர் முத்து வியாபாரத்துக்குக் கட்டிய வீடு அது. முத்து போன பிறகு அங்கே மதரசா நடந்தது. ரேஷன் அரிசி மூட்டைகள் அடுக்கினார்கள். கொஞ்ச காலம் டியூஷன் சென்டராகவும் இருந்தது. அஸ்கர் சொல்லும் வரலாற்றில் முத்தும் கப்பலும் மட்டும் வரும், அரிசி வராது.

தூத்துக்குடி ஓட்டல்காரர் ஒருவர் இதைக் கேட்டு மயங்கிவிட்டார். பழைய வீடுகளை விடுதியாக்குவது அவர் தொழில். அஸ்கருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யாரையும் கேட்காமல் சம்மதித்து, 'அஸ்கர் மாளிகை' என்று பித்தளைப் பலகையும் செய்து வாங்கிவிட்டார்.

ஒப்பந்தத்தன்று ஓட்டல்காரர் பத்திரம் கேட்டார். மகள் ஹிபா கொண்டுவந்தாள். அவள் நிக்காஹ் சமயத்திலேயே சம்சுன்னிசா வீட்டை அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டாள். சொல்லத்தான் சொன்னார்கள், கல்யாண விருந்தான களறிச் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த அஸ்கர் அதைக் காதில் வாங்கவில்லை.

"கீழ்வீட்டை எடுத்துக்கோங்க. மாடி எங்களுக்கு வேணும்," என்றாள் ஹிபா.

"அப்ப சார்?" என்று ஓட்டல்காரர் அஸ்கரைப் பார்த்தார்.

"அவுங்க எங்க வாப்பா."

பதவி அவ்வளவுதான். பாவம்தான் மனுஷர், ஆனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மாடியில் இருப்பதே இரண்டு அறை. மருமகனும் அங்கேதான் இருந்தாக வேண்டும். "வேலை முடியிற வரைக்கும் உங்க தங்கச்சி வீட்ல இருங்களேன்," என்றாள் சம்சுன்னிசா. தன்மையாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"எனக்குப் பொறந்த வீடு இல்லையா?" என்று ரோஷத்தோடு பெட்டியையும் பலகையையும் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனார். அங்கே தங்கை ஜஹ்ரா இருந்தாள். அந்த வீடும் அவள் பெயரில்தான் இருக்கிறது என்பது வாசலில்தான் அவருக்கு உறைத்தது.

ஜஹ்ரா சிரித்த முகமாக வரவேற்றாள். விருந்தாளிகளுக்கென்றே வைத்திருக்கும் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தாள்.

"எத்தனை நாளைக்கு வந்திருக்கீங்க காக்கா?"

அண்ணன் பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.