டப்பாக்களுக்கு ஓர் அறை

குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் மூன்று அறைகள். இரண்டில் வீட்டு ஆட்கள் நெருக்கிப் படுத்துக்கொள்வோம். மூன்றாவது அறையில் ஆள் இல்லை, டப்பாக்கள் இருந்தன. பிளாஸ்டிக் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, பிஸ்கட் டின், மூடி தொலைந்த தூக்குச்சட்டி. பிள்ளைகளே, அவற்றில் பாதிக்கு மேல் எங்களுடையவையே அல்ல. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரத்தோடு வந்தவை.

ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை எங்கள் ஆட்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் எஸ்டேட்டில் இருந்தபோது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அடுத்த முறை ஏதாவது செய்யும்போது கொடுக்கலாம் என்று என் மனைவி ஒவ்வொன்றையும் அந்த அறையில் வைப்பாள். நானும் சுங்கை ஊடாங் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து படுத்துவிடுவேன். அப்படியே அறை நிறைந்துவிட்டது.

இந்த ஆண்டு மகளுக்கு எஸ்.பி.எம்., அதாவது பள்ளி இறுதித் தேர்வு. டிவிக்கும் அடுப்படிக்கும் நடுவே உட்கார்ந்துதான் படித்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "ப்பா, டப்பாவுக்கெல்லாம் ரூம் இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். நான் கையைக் கழுவிவிட்டு அந்த அறையைப் போய்ப் பார்த்தேன்.

"பழைய பேப்பர் லோரி வந்தா எல்லாத்தையும் ஏத்தி விட்ருவோமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நல்லாருக்கே! அடுத்தவங்க சாமான லோரியில ஏத்திட்டு, நாளைக்கு அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறது?"

ஆக, நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை அவள் கேசரி கிண்டினாள். நான் வடை சுட்டேன். எது யாருடையது என்று அவளுக்கும் பாதி மறந்துபோயிருந்தது. நான் குத்துமதிப்பாக வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அறை காலியானது. மகள் தரையைத் துடைத்து மேசையைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

மறுநாளே எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், டப்பா நிறைய கூவே பலகாரத்தோடு வந்தார். நான் கொடுத்த டப்பாவேதான். அது அவருடையது இல்லையாம். எங்களுடையது என்று நினைத்து, வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார்! அடுத்து, கோடிவீட்டுச் சீன ஆண்டி ஆரஞ்சுப் பழங்களோடு ஒரு டின்னைக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். கொண்டுவந்ததெல்லாம் மகளின் மேசைமேல் ஏறியது. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் டிவி பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "ம்மா, நாம குடுத்தாத்தானே வெறும் டப்பா குடுக்கக் கூடாது? அவங்களே வந்து எடுத்துக்கிட்டா?"

மனைவி யோசித்தாள். "அப்படின்னா சரிதான். ஆனா டீயாவது போடணும்."

அடுத்த ஞாயிறு மாலை வாசலில் பாயை விரித்து எல்லா டப்பாவையும் பரப்பி, அக்கம்பக்கத்தாரை டீக்குக் கூப்பிட்டோம். மக்சிக் வந்தார், ஆண்டி வந்தார், பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அக்கா தூக்குச்சட்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். "அடக் கடவுளே, இது இங்கயா இருக்கு! இத்தன நாளா என் மருமகளத்தானே திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"போயி மன்னிப்பு கேளுங்கக்கா," என்றாள் மனைவி.

"கேக்கவா? இன்னும் ரெண்டு தட்டக் காணோம் லா. அது கெடைக்கட்டும்!"

எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டார்கள். மகளின் தேர்வைச் சொன்னோம். அக்கா உடனே, "இனிமே பலகாரத்தக் கொண்டாந்து உங்க தட்டுல கொட்டிட்டு, டப்பாவ அப்பவே கையோட வாங்கிட்டுப் போயிர்றேன்," என்றார்.

"வெறும் டப்பாவயா?" என்று மனைவி பதறினாள்.

"பரீட்ச முடியிற வரைக்கும் வெறும் டப்பாதான்! மீறிக் குடுத்தா வாங்க மாட்டேன்." மனைவி மலாயில் விளக்கிச் சொன்னதும் மக்சிக்கும் ஆண்டியும் தலையாட்டினார்கள். டீ குடித்துவிட்டு அவரவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள்; பாய் காலியானது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது மூன்றாவது அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"அப்பறமா வாங்கப்பா, கணக்கு பாதியில நிக்குது!"

என் வீட்டில் ஒரு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகாமல் நான் திரும்பியது அன்றுதான் முதல் முறை. மனம் நிறைந்திருந்தது. மெதுவாக வந்து டிவியை நிறுத்தினேன்.