நோயாளிக்குத் துணை

கட்சால் தீவிலிருந்து போர்ட் பிளேர் போன கப்பலில் அப்பாதான் நோயாளி. சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. அம்மா துணைக்கு வருபவள். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் திக்காமல் இந்தி பேசத் தெரிந்தவள் நான் மட்டும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் தகரக் குடியிருப்பில் எந்தப் பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தாலும் அலைப் பயம் என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவின் பிரஷருக்கு மட்டும் ஓர் அட்டை உண்டு. மாதாமாதம் அதில் குறிப்பார்கள். அவருக்கு உப்புக் குறைத்த குழம்பு, அம்மாவுக்குக் கருவாடு. அந்த வாரம் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வேறொன்று தெரியும். விடிகாலையில் ரப்பர் காட்டுக்கு அம்மாவோடு நானும் போவேன். நாலு மரத்தில் பால் வெட்டுவாள், ஐந்தாவது மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். கை தாடையைப் பிடித்திருக்கும். நெற்றியெல்லாம் வியர்வை.

"பல்லு வலிதான் புள்ள. அப்பாகிட்ட சொல்லிப்புடாத, என்னா?"

தலையாட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெயர்.

ஆஸ்பத்திரியில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். பையும் தண்ணீர் பாட்டிலும் அட்டையுமாக மாடியேறி வந்த அம்மா சுவரில் சாய்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவ்வழியே போன வங்காளி நர்ஸ் நின்றாள்.

"மம்மி கோ க்யா ஹுவா?" அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டாள்.

அம்மா என் கையை அழுத்தினாள். பல் வலி என்று இந்தியில் சொன்னேன். நர்ஸ் நகர்ந்துவிட்டாள். அம்மாவின் விரல்கள் சில்லென்று ஈரமாக இருந்தன. பல் வலிக்குக் கை ஏன் குளிர வேண்டும்? சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால்? ஓடிப்போய் நர்ஸை மறித்து, மரம், தாடை, வியர்வை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடந்தால் வருமா, உட்கார்ந்தால் போகுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்பாவைக் கூப்பிட்ட கட்டிலில் அம்மாவைப் படுக்க வைத்தார்கள்.

"அட, பேசண்டு நானு! அவளுக்குப் பல்லுதான்."

"சுப் பைட்டோ, தாதா," என்று நர்ஸ் அதட்டியதும் அப்பா வாயை மூடி உட்கார்ந்தார்.

அம்மாவின் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். வெளியே வந்த காகிதத்தைத் தமிழ் டாக்டர் ஒருவர் இரண்டு முறை பார்த்தார்.

"இவங்க பிரஷர் அட்டை எங்க?"

"அவளுக்குப் பாத்ததே இல்லீங்க," என்றார் அப்பா, தன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

"இது பல்லு இல்ல, இருதயம். பொம்பளைங்களுக்கு நெஞ்சுலதான் வலிக்கணும்னு இல்ல. தாடை, முதுகு, வெறும் அசதியாக்கூட வரும்."

அப்பாவுக்கு வாயுக் கோளாறுதான். இறங்கும்போது பையை அவர்தான் தூக்கினார்.

அம்மா பிழைத்தாள். ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்து அழுதேன். வலியை ஏன் ஒளித்தாள் என்பது அப்போது புரியவில்லை.

போன மாதம், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் என் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு மாடியேறும்போது மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்தேன். சமையல், குழந்தை, பள்ளிக்கூட பஸ். இதற்கு எங்கே நேரம் என்று தோன்றியது. "அப்பாகிட்ட சொல்லாத," என்று மூத்தவளிடம் சொன்னேன்.

அவள் உடனே தலையாட்டினாள். எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான். அன்றே போய் என் பெயரில் ஓர் அட்டை போட்டுக்கொண்டேன்.