அண்ணனின் மௌன விரதம்

ஒரே பாட்டை அரைமணி நேரம் வாசிக்கும் ராக் குழு எங்களுடையது. பாடகர் அண்ணன் வயதானதும், "இனிமே பாடமாட்டேன்டா" என்று திருவண்ணாமலையில் மௌன விரதம் இருக்க வந்துவிட்டார். குழு கலைந்தது. டிரம்ஸ் வாசித்த நான் கூடவே வந்து, தினமும் அவர் அறை வாசலில் சாப்பாடு வைத்தேன். விரதம் கெடக்கூடாதென்று கதவைக்கூடத் தட்டாமல், வெளியே நின்று ஒரு குரல் மட்டும் கொடுப்பேன்.

போன வாரம் டீக்கடையில் ஒரு ரசிகர் செல்போனை நீட்டினார். "அண்ணனோட தனி ஆல்பம் வந்துடுச்சே, கேட்டீங்களா?"

அதே குரல். கடைசிப் பாட்டு அடங்கும் இடத்தில் கேரியர் வைக்கும் சத்தம். பிறகு என் குரல்: "அண்ணே, சாப்பாடு வெச்சிட்டேன்." அந்த அறைக்குள்ளேயே பாடிப் பதிவு செய்திருக்கிறார்.

"இந்த இடம் சூப்பருங்க. யாரு அது?" என்றார் ரசிகர்.

மத்தியானம் வழக்கம்போல் கேரியரை வாசலில் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை.