ஆள் இருக்கிற ஜன்னல் சீட்

கோயில் டூர் வேன் ஓட்டுகிறவனுக்கு எல்லா சாமியும் ஒன்றுதான். எந்த சாமிக்கு எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்பதில்தான் வித்தியாசம். சொந்தக்காரர்களை ஒரே வண்டியில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போன அனுபவம் உங்களுக்கு இருந்தால் என் பாடு புரியும். எனக்கு அது வாரா வாரம்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் ஒரு நாள் டூர். காலையில் ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, உச்சிக்குள் சௌந்தரராஜப் பெருமாள், மதியம் கடற்கரை, சாயங்காலம் நீலாயதாட்சி அம்மன், ராத்திரி சாப்பாட்டுக்கு அவரவர் வீடு. தாளில் எழுதினால் சுலபமாகத்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் நான் விடாமல் கடைப்பிடிக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: வண்டியை எடுக்குமுன் தலைகளை எண்ணிவிடுவேன். என் சிநேகிதர் ஒருவர் எண்ணாமல் கிளம்பி, ஒரு மாமியாரைத் திருவாரூரிலேயே விட்டுவிட்டுத் தஞ்சாவூர் வரைக்கும் வந்துவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த மருமகள் கடைசிவரை வாயைத் திறக்கவில்லையாம். அதிலிருந்து நான் இரண்டு தடவை எண்ணுகிறேன்.

இனி சொல்லப்போவதெல்லாம் போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை டூரில் நடந்தவை.

எல்லாரும் வந்தாச்சு

முதலில் ஏறியவர்கள் ஸ்ரீரங்கத்து ராகவன் மாமாவும் வேதவல்லி மாமியும். சொந்த பிளாஸ்க், சொந்தப் புளியோதரை, சொந்தக் குடிதண்ணீர். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஏறும்போதே மாமா என்னிடம் சொல்லிவிட்டார், அவர்கள் பெருமாளை மட்டும்தான் சேவிப்பார்களாம், அம்மன் கோயிலுக்கு மற்றவர்கள் போகும்போது வண்டியிலேயே இருந்துவிடுவார்களாம். அடுத்து தென்னூரில் பரிமளா அக்காவும் அவருடைய தெருப் பெண்களும் ஏறினார்கள். அக்காவுக்கு வேன் என்றாலே வயிற்றைப் புரட்டும். கையில் எலுமிச்சம்பழத்தோடு நேராக என் பின்னாலிருந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வினை திருவெறும்பூரில் ஏறியது. சுந்தரேசன் என்று பெயர். ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தும்பைப்பூ வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. அந்த வரிசையில் இரண்டு சீட் அவர் பெயரில் முன்பே சொல்லி வைத்தது. அக்காவிடம் மெதுவாக, "அம்மா, இது ரெண்டும் நம்ம சீட்டுங்க" என்றார். "ஒருத்தர்தானே வந்திருக்கீங்க? எனக்கு ஜன்னல் இல்லைன்னா ஆகாதுங்க" என்றார் அக்கா. "ஆள் இருக்காங்கம்மா" என்று அவர் சொன்ன விதத்தில் அக்காவே எழுந்து நடு சீட்டுக்குப் போய்விட்டார். அவர் பையை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுத் தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

வீட்டம்மா துவாக்குடியில் ஏறுவார்கள் போல என்று நினைத்து அங்கே வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். காலேஜ் பையன்கள் பஸ்ஸுக்கு ஓடினார்களே தவிர, நம் வண்டிக்கு யாரும் வரவில்லை. தலைகளை எண்ணினேன், ஒன்று குறைந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் அந்தப் பையைச் சரியாக நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "போகலாம் தம்பி. எல்லாரும் வந்தாச்சு."

நடைக்கும் பஜ்ஜிக்கும் நடுவில்

டீ குடிக்க நிறுத்துவது என்பது தலைவலியை நிறுத்தி ஏற்றிக்கொள்வது. தஞ்சாவூர் தாண்டி நிறுத்தினேன். இறங்கியவர்களில் பாதிப் பேர் டீக்கடையில், மீதிப் பேர் பூக்கடையில், பரிமளா அக்கா வாழைக்காய் பஜ்ஜி சூடாக வரும்வரை நகர மாட்டேன் என்று வாணலி பக்கத்தில். வயிற்றைப் புரட்டுகிறவர் பஜ்ஜி சாப்பிடலாமா என்று கேட்டால், வெறும் வயிறுதான் புரட்டும் என்கிறார். பன்னிரண்டு மணிக்குப் பெருமாள் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம்தான் திறப்பார்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். வண்டியை விட்டு இறங்காத மாமா கடிகாரத்தையும் பஜ்ஜியையும் மாறி மாறிப் பார்த்து முறைத்தார்.

ஒரு வழியாக எல்லாரையும் ஏற்றி, எண்ணி, கிளப்பினேன். திருவாரூர் ரோட்டில் கொஞ்சம் விரட்டித்தான் ஓட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் அது ஹாரனில் தெரியும். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "தம்பி, நாம சாமி கும்பிடப் போறமா, ரயிலைப் பிடிக்கப் போறமா?"

செருப்புக்குக் காவல்

நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். எல்லாரும் செருப்பை வண்டியிலேயே கழற்றிவிட்டு உள்ளே ஓடினார்கள். சுந்தரேசன் மட்டும் இறங்கவில்லை. "செருப்பெல்லாம் நான் பார்த்துக்கறேன் தம்பி, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நான் டூருக்கு வந்தால் கோயிலுக்குள் போவதில்லை. வண்டியை யார் பார்ப்பது? ஆக இரண்டு பேரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவராகத்தான் சொன்னார். மனைவி பெயர் கமலா. பங்குனியில் தவறிவிட்டார். அதற்கு முன்பே இந்த டூருக்கு இரண்டு சீட் சொல்லி வைத்தது அந்த அம்மாதான். நீலாயதாட்சிக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டு ஒரு புடவையும் வாங்கி வைத்திருக்கிறார். பையைத் திறந்து காட்டினார். மாம்பழ நிறம், அரக்கு பார்டர், கடைக் கவர்கூடப் பிரிக்கவில்லை. அந்தப் புடவை அம்மன் தோளில் ஏறுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதற்குத்தான் வந்திருக்கிறார். ஆனால் சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒரு வருஷம் கொடிமரம் உள்ள கோயிலுக்குள் போகக் கூடாது என்று அவர் வீட்டில் ஒரு வழக்கம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலில் உட்காருவதா? இந்தக் காலத்தில் யார் சார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கம்மா போனப்ப ஒரு வருஷம் என்னைக் கோயில் வாசப்படி மிதிக்க விடாதவளே அவதான் தம்பி. இப்ப அவளுக்குன்னு வர்றப்ப நான் மீறினா, அவ மேல இருக்கிற மரியாதை என்னாகிறது?"

கடற்கரையில் பட்டிமன்றம்

மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். திருச்சிக்காரர்களுக்குக் கடலைப் பார்த்தால் ஒரு மாதிரி ஆகிவிடும். காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டால் பாலத்தில் குடும்பத்தோடு போய் நின்று பார்க்கிற ஜனங்கள் நாங்கள். நான் நைசாக நழுவி ஒரு மெஸ்ஸில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாகப்பட்டினத்துக்கு வந்து சாம்பார் சாப்பிட எனக்கு மனசு வராது.

திரும்பி வந்தால், சுந்தரேசன் விஷயம் வண்டி முழுக்கத் தெரிந்து ஆளுக்கொரு சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாறு கழிந்தால் போகலாம் என்றார் ஒருவர். மலைக்கோயில்தான் கூடாது என்றார் இன்னொருவர். பெற்ற பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு, புருஷனுக்குக் கிடையாது என்றார் மூன்றாமவர். ராகவன் மாமா மட்டும், "அவாத்து வழக்கம் அவாளுக்கு. நாம யார் மாத்தறதுக்கு?" என்றார். மாமி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிமளா அக்காவுக்கு இழுத்தடிப்பது பிடிக்காது. புடவையைக் கொடுங்கள், நான் உள்ளே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வருகிறேன் என்று கையை நீட்டினார். நல்ல மனசுதான். சுந்தரேசன் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "நீங்க சாத்துவீங்கம்மா. எப்படி இருந்துச்சுன்னு ராத்திரி போட்டோகிட்ட நான் என்னத்தைச் சொல்றது?"

கிளம்புகிற நேரம்

சாயங்காலம் அம்மன் கோயிலுக்கு எல்லாரும் உள்ளே போனார்கள். வெளியே நாங்கள் நாலு பேர்: சொந்த விதிப்படி மாமாவும் மாமியும், வீட்டு வழக்கப்படி சுந்தரேசன், மீன்குழம்பின்படி நான். எதிர் டீக்கடைக்காரர்தான் அந்தச் சேதியைச் சொன்னார். ஆடி வெள்ளியாம், விளக்கு வைத்ததும் அம்பாள் வீதி வருவாளாம். "வண்டியை அந்த முனையில போடுங்க. அங்கே நின்னுதான் திரும்புவா" என்றார். சுந்தரேசன் எழுந்து நின்றுவிட்டார். வீதியில் வருகிற அம்மனைப் பார்ப்பதற்கு அவர் வீட்டில் தடை கிடையாது. தீட்டு வீட்டுக்காரர் தன் கையால் தட்டு கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் ஒன்றும் தியாகி இல்லை. மறுநாள் விடிகாலையில் ஏர்போர்ட் சவாரி இருந்தது. காத்திருந்தால் என் தூக்கம் போச்சு. மற்றவர்கள் வெளியே வந்ததும், கிளம்புவதா இருப்பதா என்று கேட்டேன், கிளம்பலாம் என்று சொல்வார்கள் என்ற நம்பிக்கையில்தான். காலையிலிருந்து வீடு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த பரிமளா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விடிஞ்சதுலேருந்து சாமியைத் தேடி நாம ஓடினோம். இப்ப அது நம்மளைத் தேடி வருது, நாம கிளம்பிடறதா?"

பேர், நட்சத்திரம்

நாதஸ்வரச் சத்தம் கேட்டதும் அக்காவும் கோஷ்டியும் முன்னால் ஓடிப்போய்க் கூட்டத்தில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பல்லக்கு எங்கள் முனைக்கு வந்து நின்றபோது இந்தப் பக்கம் இருந்தது நாங்கள் நாலு பேர்தான். அக்கா கொடுப்பதற்காகத் தேங்காய் பழத்தோடு தட்டு தயாராக வண்டியில் இருந்தது, மேலே அந்தப் புடவை. கொடுக்க ஆள் இல்லை. அவர் கொடுக்கக் கூடாது. என் வயிற்றில் வஞ்சிரம் இருந்தது, நானும் கொடுக்கக் கூடாது. சுந்தரேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வேதவல்லி மாமி வண்டியிலிருந்து இறங்கினார். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பல்லக்குக்குப் போனார். குருக்கள் குனிந்து, "யார் பேருக்கும்மா? பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். மாமி திரும்பி சுந்தரேசனைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தக் கோயிலில் யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "கமலா, ரோகிணி" என்று சுந்தரேசன் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. செத்தவர் பேருக்கு அர்ச்சனை கிடையாது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

மாமிக்கு அது தெரியாதா? தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பிறகு குருக்களிடம் தெளிவாக, "கமலா. ரோகிணி நட்சத்திரம்" என்றார். குருக்கள் கணீரென்று ரிஷப ராசி சேர்த்து, கமலாவுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டார். மாம்பழ நிறப் புடவை அம்மன் தோளில் ஏறியது. தீபம் காட்டினார்கள். சுந்தரேசன் வேனைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

பல்லக்கு திரும்பிப் போனது. "தப்பாச் சொல்லிட்டேனே மாமி" என்று அவர் தேம்பினார். மாமி திரும்பி மாமாவைப் பார்த்தார். காலையிலிருந்து சாஸ்திரத்தை விட்டு இம்மி நகராத மனுஷர், என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குத் திக்கென்றது. மாமா மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வந்தது அந்தம்மாவுக்காக. வேற யார் பேரை ஓய் சொல்லுவீர்?"

திரும்பும்போது

எல்லாரும் ஏறினார்கள். அக்கா கையில் எலுமிச்சம்பழத்தோடு காலையில் உட்கார்ந்த நடு சீட்டுக்கே போகப் பார்த்தார். சுந்தரேசன் மஞ்சள் பையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கத்து சீட்டைத் துண்டால் ஒரு தட்டு தட்டினார். "இங்க உட்காருங்கம்மா. ஆள் இறங்கிட்டாங்க."

ஏற்றிப்போன தலை ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். அன்றைக்கு மட்டும் ஒருவரை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு, தெரிந்தே வண்டியை எடுத்தேன்.